இராயப்பன் சேர் விட்டுப்போன பயம்

தலைமை வகிக்கும் அருட்தந்தை ஜெரோமி அவர்களே, பாடசாலை அதிபர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சேரின் துணைவியார் பெற்றீசியா அம்மா அவர்களே, என்னோடு படித்த நண்பர்களே, மேல்பிரிவு லயக் குடியிருப்புகளிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் என் மக்களே, வணக்கம்.

புவியியல் விரிவுரையாளர் கலாநிதி இராயப்பன் அவர்கள் மறைந்து இன்று முப்பத்தோராம் நாள். எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் துணிச்சல்காரர் என்றார்கள். மன்னிக்க வேண்டும். எங்கள் சேர் பயந்தவர். அவரைப் போலப் பயந்த மனிதர் ஒருவரை நான் கண்டதில்லை!

2003ஆம் ஆண்டு. கள ஆய்வுக்காக முப்பது மாணவர்கள் றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி, அவர் பின்னால் இந்தத் தோட்டத்துக்கு நடந்தோம். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்துவார். "நம்பர் சொல்லுங்க!" ஒன்று, இரண்டு என்று கத்துவோம். முப்பது வந்த பிறகு, "முப்பத்தொண்ணு" என்று தன் எண்ணைச் சொல்வார். கடைசி எண் எப்போதும் அவருடையது. "சேர், அட்டைக்கும் நம்பர் குடுப்போமா?" என்று கேட்டான் றொக்சன். "குடுங்க தம்பி. ஒங்க கால்ல மட்டும் நாலு இருக்கு" என்றார். றொக்சன் போட்ட கூச்சல் மலையெல்லாம் கேட்டது.

எட்டாம் நம்பர் லயத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவே நிலத்தில் ஒரு வெடிப்பு. அதன் இரு பக்கமும் இரண்டு இரும்புக் குழாய்களை அவர் அறைந்திருந்தார். வெடிப்பு விரிந்தால் மலை சரியும். அது விரிகிறதா என்று அறிய, குழாய்க்குக் குழாய் டேப் பிடித்து அளப்போம். அடுத்த பயணத்தில் அது என் முறை. மூடுபனி. காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. ஒரு செடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கொப்பியில் முன்பு எழுதியிருந்த அளவையே மறுபடி எழுதிக்கொண்டு வந்தேன்.

சேர் கொப்பியைப் பார்த்தார். பிறகு என் சப்பாத்தைப் பார்த்தார்.

"சப்பாத்துல சேறே இல்லையே, கிருஷாந்தி?"

"பயமா இருந்துச்சு சேர்."

"எனக்குந்தான். பயந்தது தப்பில்ல. பயந்துட்டுப் பழைய நம்பர எழுதுறதுதான் தப்பு. கீழ ஆளுங்க படுத்துத் தூங்குறாங்க. வாங்க, ரெண்டு பேரும் சேந்து பயப்படுவோம்."

இப்படிப் பேசிய விரிவுரையாளர் வேறு எவர்?

பட்டம் வாங்கினோம், பிரிந்தோம். நான் இந்தத் தோட்டப் பாடசாலைக்கே ஆசிரியையாக வந்தேன். சேர் வருவதை நிறுத்தவில்லை. ஓய்வுபெற்ற பிறகும், மாதந்தோறும் ரயிலேறி வந்து அளந்தார். கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தார்: ஒரு மாதத்தில் ஒரு விரல் அகலம் கூடினால், எவரையும் கேட்டு நிற்காதே, ஆட்களை இறக்கு.

ஒரு முறை இறக்கினார். உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டு இரவுகள் இதே மண்டபத்தில் படுத்தீர்கள். மலை விழவில்லை. திரும்பிப் போனபோது மீனம்மா அக்காவின் கோழிகளைக் கீரிப்பிள்ளை கொண்டுபோயிருந்தது. அதோ, நான்காம் வரிசையில் சிரிக்கிறார். அன்றைக்கு என்ன கேட்டீர்கள் அக்கா? "ஏஞ் சேர், அடுத்த தடவ மலை விழுறப்போ முன்னாடியே சொல்லுங்க. கோழியக் கொழம்பு வச்சிட்டு எறங்குறேன்!" கூட்டமே சிரித்தது. சேரும் சிரித்தார். ரயிலுக்கு நடக்கும்போது, அவமானமாக இல்லையா என்று கேட்டேன். "சிரிக்கிறதுக்கு ஆளுங்க இருக்காங்கல்ல? அது போதும்" என்றார்.

சேரின் கொப்பி இப்போது என் கையில் இருக்கிறது. பெற்றீசியா அம்மா தந்தார். உங்கள் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன ஞாயிறு, மழையில், நான் மேலே ஏறவில்லை. அளவு கூடியிருந்தால் என்ன செய்வேன்? நான் சொன்னால் யார் இறங்குவார்கள்? என் பின்னால் எவர் சிரிப்பார்கள்? வீட்டு மேசையில் உட்கார்ந்து, சேர் கடைசியாக எழுதிய அளவையே எழுதினேன். நாற்பத்து நான்கு வயதில், மறுபடியும்!

அவருடைய படத்துக்கு மாலை போட வரும் நாளில் அந்தப் பொய்யோடு வர முடியவில்லை. அதனால் இந்தக் கூட்டத்துக்கு முன் ஏறினேன். என் சப்பாத்தைப் பாருங்கள். சேரின் கடைசி அளவுக்கும் இன்றைய அளவுக்கும் இடையில் என் நான்கு விரல் அகலம். குழாய் ஒன்று சாய்ந்திருக்கிறது. கீழே பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வருகிறது.

இவ்வளவு நேரம் கதை சொன்னதும் பயத்தினால்தான். நான் தவறாகவும் இருக்கலாம். மலை நாளைக்கும் அப்படியே நிற்கலாம். அப்போது சிரியுங்கள், நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

பாதர், இந்த மண்டபத்தை இன்று எங்களுக்குத் தர வேண்டும். கிராம சேவகருக்குச் சொல்லிவிட்டேன். வந்துகொண்டிருக்கிறார். மணி மூன்று. இன்னும் வெளிச்சம் இருக்கிறது. எட்டாம், ஒன்பதாம் லயங்களில் நடக்க முடியாதவர்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை இப்போதே அழைத்து வருவோம். மீனம்மா அக்கா, இந்த முறை கோழிகளையும் கொண்டு வாருங்கள்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி. எங்கள் சேருக்கு மௌனம் வேண்டாம். வீடு வீடாக உள்ளே வரும் ஒவ்வொருவரும் இந்த வாசலில் நின்று தன் எண்ணைச் சத்தமாகச் சொல்லட்டும். அதுதான் அவருக்கு அஞ்சலி. லயங்களில் குடியிருப்பவர்கள் எல்லாருமாக நூற்றுப் பதினெட்டுப் பேர். பதிவு என்னிடம் இருக்கிறது.

நான் வெளியே நிற்பேன். நூற்றுப் பத்தொன்பது என்னுடையது.

எழுந்திருங்கள்.