ஏழு வருசத்துப் பெட்டி

ஹலோ... ஹலோ, சந்திரசேகருங்களா? மோகனூர் கோழிப்பண்ணை தெய்வநாயகி பேசறேனுங்க... ஆமாங்க, ஆமாங்க, மறுபடியும் நான்தான். ஃபேன் பன்னெண்டும் நின்னுபோச்சு. நீங்க மாட்டுன கண்ட்ரோல் பெட்டி கண்ணே தொறக்க மாட்டேங்குது...

கேக்கலீங்களா? கோழி கத்தற சத்தமுங்க... கரண்ட் இருக்குதுங்க... ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தாச்சு, மூணு தடவை...

எந்த வருசமா? நீங்களே வந்துதானுங்க மாட்டுனீங்க. ஏழு வருசமாச்சு... என்னது, புராதனமா? ஏனுங்க, என்ற தங்கச்சி பையனுக்கும் ஏழு வயசுதான். அவனுக்கு இன்னும் பல்லே முளைச்சு முடியல... எங்க மாமனார் வாங்குன கெணத்து மோட்டாரு நாப்பது வருசமா ஓடுதே, அதுக்கு என்ன பேரு வெப்பீங்க?... கற்காலமா? ஹஹ்... அய்யோ, சிரிக்க வெக்காதீங்க சாமி. எனக்கு அழுகையா வருது.

மூடுன ஷெட்டுங்க! உள்ளார ஒம்பதாயிரம் கோழி. வெளியவே வெயில் நூத்தி நாலு... பண்ணையாளு பெரியசாமி கதவெல்லாம் தொறந்துட்டாப்ல, காத்து எங்க வருது?... எலக்ட்ரீசியன் பரமத்தியில இருந்து வாரேன்னாரு. அரை மணி ஆகுமாம். தாங்குமுங்களா?...

சொல்லுங்க... பெட்டிக்கு அடியில திருகா? அதைத் திருப்புனா பெட்டி இல்லாமயே ஃபேன் நேரா ஓடுமா?... இதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க! இருங்க... இல்லீங்களே, வெறும் சந்தனமாத்தான் இருக்குது. ஆயுத பூசைக்குப் பூசறதுங்க... ஆமா, வருசா வருசம். சாமிக்கு வெச்சதை எப்படீங்க தொடைக்கறது?... சிரிங்க, நல்லாச் சிரிங்க. ஏழு பூசைச் சந்தனம், கல்லாட்டம் கெடக்குது.

பெரியசாமீ, அந்த அருவாளைக் கொண்டா!... சொரண்டறேனுங்க... தெரியுது, தெரியுது! கருப்பா... வலது பக்கமா?... நகரலீங்க. இறுகிப் போச்சு... மெதுவாத்தான் திருப்பறேன்... அய்யோ... அய்யய்யோ, கையோட வந்துருச்சுங்க.

வேற இருக்குமுங்களா?... அந்தச் சாமானே இப்ப வர்றதில்லியா... புதுப் பெட்டி நாளைக்கா? நாளைக்கு வந்து எதைங்க காப்பாத்தறது?

தண்ணி தெளிச்சுட்டுத்தான் இருக்கறாங்க... ஆமாங்க... கூண்டுக்குள்ள றெக்கைய விரிச்சுட்டு, வாயைப் பொளந்துட்டு நிக்குதுங்க. பாக்க முடியல. என்ன பண்ணட்டும் சொல்லுங்க, எதையாச்சும் சொல்லுங்க...

என்னங்க?... இப்பத்தான் என்ற பேச்சு தெளிவாக் கேக்குதா?...

கேக்குமுங்க. கோழி கத்தறது நின்னுபோச்சு... வெச்சர்றேனுங்க.