பூனையின் எண்ணில் சிக்கிய பேத்தி

மேடையின் நடுநாயகமாக வீற்றிருந்து, மைக்கைச் சரிசெய்யச் சரிசெய்ய மேலும் கெடுத்துத் தந்த குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே! முன்வரிசையை முற்றுகையிட்ட மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! கடைசி வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் என் ஓரகத்தியே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

பின்வாசல் மீண்டும் திறந்த பெருவிழா இது! புதிதாய் வந்தவர்களுக்கு அது ஏன் மூடியது? நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நம் முன்கட்டடத்தில் ஒரு சர்வர். பின்கட்டடத்தில் ஒரு சர்வர். முன்னது குடியிருப்போர் பெயரை நம்பர் போட்டு எழுதும், பின்னது அதைப் பார்த்து அப்படியே நகல் எழுதும். அந்த நகலில் பெயர் இருந்தால் பின்வாசல் திறக்கும், இல்லையேல் இல்லை. முன்வாசல் சாலையையோ தோண்டிப் போட்டுவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து மருமகள் என் பேத்தியை ஏந்திக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். மருமகளுக்குக் கதவு திறந்தது. பேத்திக்கு?

“பாப்பா பேரு இங்க இல்லையேம்மா,” என்றார் காவலாளி.

“முன்னாடி ஆபீஸ்ல பதிஞ்சாச்சுப்பா!”

“அங்க இருக்கு, இங்க வரல. இல்லாத ஆளை எப்படிம்மா உள்ள விடுறது?”

“இல்லாத ஆளா? அப்ப இந்த அழுகை யாரோடது?”

அந்நேரம் பார்த்து, மூன்றாம் மாடிப் பெரியவரின் கார்டைக் காட்டி அவர் மகன் உள்ளே போகிறான். பெரியவர் காலமாகி ஒரு மாதம்! மறைந்தவருக்கு மலர்ந்த கதவு, பிறந்தவளுக்கு மறுத்ததே! இது வாசலா, வம்பா?

கம்ப்யூட்டர்காரர் வந்தார். “சர்வர் ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்மா. நடுவுல காப்பி ஆகுறது நின்னுபோச்சு. பாப்பாவோட நம்பர்ல இங்க ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருக்காங்க. அதுல முட்டிக்கிட்டு, பின்னாடி வர்றதெல்லாம் வரிசையில நிக்குது.”

“யாரது?”

“செல்லம்னு போட்டிருக்கு.”

செல்லம்! என் ஓரகத்தியின் பூனை! முன்கட்டடத்தில் பதியாமல், பின்கட்டடக் குமாஸ்தாவைக் கெஞ்சிக் கூத்தாடி, அடுத்த காலி நம்பரில் நேராக நகலிலேயே எழுதிவிட்டாள்! யாரம்மா அங்கே சிரிப்பது? இந்த வீட்டுக்கு வந்த அன்றே எனக்குப் போட்ட நாற்காலியில் முந்தி உட்கார்ந்தவள் இவள். அன்று நாற்காலி, இன்று நம்பர்!

“பூனையை இங்க அழிச்சிட்டு, முன்னாடி ஆபீஸ்ல வேற நம்பர்ல பதியணும். அவங்க சம்மதம் வேணுமே,” என்றார் அவர்.

நானா கேட்பது? பல்லாண்டுகளாகப் பேசாதவளிடமா? பேத்தி வீறிட்டாள். போனேன்.

“உன் பூனையை அழிக்கணும்.”

“ஐயோ அக்கா! அது என்ன பாவம் பண்ணுச்சு?”

“கம்ப்யூட்டர்லடி!”

“அப்ப அது எந்த வழியா வீட்டுக்கு வரும்?”

“ஜன்னல் வழியா! இத்தனை நாளும் அப்படித்தானே வந்துச்சு?”

யோசித்தாள். “ஆமால்ல?” என்றாள்.

பூனையின் பெயர் அழிந்தது. அடைபட்ட வெள்ளம் அணை உடைத்ததுபோல் வரிசை அவிழ்ந்தது! பின்னால் காத்திருந்த புதுக் குடித்தனக்காரர் வந்தார். பேத்தியைப் பதிந்த பிறகே முன் ஆபீஸில் நீக்கப்பட்ட பெரியவர் ஒருவழியாக விடைபெற்றார். வந்தாள், வந்தாள், என் பேத்தி வந்தாள்! கதவு திறந்தது!

ஆகவே அவையோரே! எழுத வேண்டுமா? மூலத்தில் எழுதுங்கள்! திருத்த வேண்டுமா? மூலத்தில் திருத்துங்கள்! நகலில் நுழைக்கும் ஒரு விரல், நாலு வீட்டார் வழியை அடைக்கும் விரல்!

கம்ப்யூட்டர்காரருக்கு நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. பூனையை நான் மன்னித்துவிட்டேன். பூனையை மட்டும்.

வணக்கம்!