பங்களா படத்துக்கு ரெண்டாம் பாகம்

மத்தியானம் ரெண்டு மணிக்கு உட்காந்தோம், பதினோரு பேரு, தம்பி விஜயா. நேத்து, ஞாயித்துக்கிழம. காப்பார்ல எங்க வீட்டு வரிசையில இந்தக் கார்த்திகேசு வீட்டுலதான் வீடியோ டெக் இருக்குன்னு தம்புசாமி குடும்பமே நாக்காலியத் தூக்கிக்கிட்டு வந்துருச்சு. இல்ல, வேற படம் தர்றேன்னு சொல்லாத. எனக்கு வேற படம் வேணாம். சிரிக்காத லா. இந்தக் கடையில நாலு வருசமா கேசட் எடுக்குறேன், ஒரு நாளாச்சும் வந்து கத்தியிருக்கேனா? செம்பனைக் குலைய எண்ணெய் மில்லுல இறக்காம லோரிய ரோட்டோரமாப் போட்டுட்டு வந்திருக்கேன்னா பாத்துக்க.

குடுக்க மாட்டேன். கேசட் என் கையிலயே இருக்கட்டும். இந்த ஞாயித்துக்கிழம எம் மவ லண்டன்லேர்ந்து வர்றா, அதுக்குள்ள நீ இதுக்கு ஒரு வழி பண்ணணும். என்ன வழியா? சொல்றேன், இரு. மொதல்ல உன் படத்தப் பத்திப் பேசணும்.

மொதப் பாகம் நீ பாத்தியா? எண்பத்தி ஒண்ணுல இதே கிள்ளான்ல ஓடுச்சு, நானும் வீட்டம்மாவும் போனோம். அதுல பேயக் காட்டவே மாட்டான் தம்பி. அந்தப் பங்களாவுல பொண்டாட்டி செத்துப் போயிருப்பா. ராத்திரியில ஆட்டுக்கல்லு தானா சுத்தும். காலையில புருசன் எந்திரிச்சுப் பாத்தா மாவு அரைச்சு மூடி வச்சிருக்கும். அவ்வளவுதான். மூஞ்சியும் கிடையாது, பல்லும் கிடையாது. எங்க பவுனம்மா அதப் பாத்துட்டு ஒரு மாசத்துக்கு, பின்னால இருக்குற அடுப்படிக்குத் தனியாப் போகல. அவ தட்டு கழுவி முடிக்கிற வரைக்கும் நான் வாசப்படியில நிக்கணும். சும்மா நின்னாப் பத்தாது, பேசிக்கிட்டே நிக்கணும். நிறுத்துனா திரும்பிப் பாப்பா. லோரி ஓட்டிட்டு வந்தவன் என்னத்தப் பேசுவேன்? மில்லுல எத்தன டன்னு இறக்குனேன், எவன் வரிசையில பூந்தான்னு சொல்லுவேன். அதையும் உம் கொட்டிக் கேட்டுக்கிட்டிருப்பா.

இப்ப ரெண்டாம் பாகத்துல என்னாத்தப் பண்ணி வச்சிருக்கான்? பத்தாவது நிமிசத்துல பேயக் காட்டிட்டான். மூஞ்சி பூரா குட்டிக்கூரா பவுடரு. அதுக்கு ஒரு பாட்டு வேற, பாட்டு முடியிறதுக்குள்ள பேய் மூணு சேல மாத்துது. விளக்கு தானா ஆடுதாம், கட்டித் தொங்கவிட்ட நூலு பளிச்சுன்னு தெரியுது. தம்புசாமி சம்சாரம் இராஜம்மா, அந்தா நூலு, அந்தா நூலுன்னு கையத் தட்டிச் சிரிக்குது. கடைசியில பேயே கிடையாதாம். பங்களாவ அடிமாட்டு வெலைக்கு வாங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரன் டேப்ரெக்கார்டர ஒளிச்சு வச்சுப் பயங்காட்டுனானாம். அப்ப மாவு அரைச்சது யாரு? சொல்லு. தோட்டத்துக்காரன் வந்து உக்காந்து உளுந்து அரைச்சானா? அதப் பத்தி ஒரு வார்த்த இல்ல. அந்தப் புருசன் தெனமும் அந்த மாவுல இட்லி சுட்டுத் தின்னான்டா. அவன இவ்வளவு கேவலப்படுத்தியிருக்க வேணாம்.

நான் மெதுவாத்தான் பேசுறேன். ஆளுங்க பாத்தாப் பாக்கட்டும்.

நீதானே சொன்ன, ஒரே ஒரு காப்பிதான் வந்திருக்கு அங்கிள், வாடகைக்குக் கிடைக்க ரெண்டு வாரம் ஆவும், வீட்டுலேர்ந்து பழைய கேசட் ஒண்ணு கொண்டாங்க, பதிஞ்சு தர்றேன்னு? ஆமா, கொண்டாந்தது நாந்தான். வெள்ளிக்கிழம. நான் இல்லேங்கல.

டிவிக்குக் கீழ ஒம்பது கேசட்டு இருக்கு. எங்க வீட்டுல எதுலயும் எழுதி ஒட்டுற பழக்கம் இல்ல. பவுனம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே ஒரு கேசட்டு மேல மட்டும் குங்குமத்தால ஒரு பொட்டு வச்சிருந்தாளாம், அடையாளத்துக்கு. எனக்கு அது தெரியாது, இராஜம்மா நேத்துதான் சொல்லுது. கேசட் எடுத்துப் போடுறதெல்லாம் அவதான், நான் எங்க கவனிச்சேன்? அவ செத்துப் போன மொத வருசம் துக்கம், வீட்டுல ஒரு பண்டிகையும் இல்ல. போன அக்டோபர்ல ஆயுத பூசைய நானே போட்டேன். லோரிக்குப் பொட்டு வச்சேன், டிவிக்கு வச்சேன், டெக்குக்கு வச்சேன். கையில குங்குமம் மீந்திருச்சு. ஒம்பது கேசட்டுக்கும் வரிசையா வச்சேன். பவுனம்மா பாத்தா மெச்சுவான்னு வேற நெனச்சேன்.

நீ கேட்ட, அதையும் நான் மறக்கல. அங்கிள், பின்னால அந்தப் பிளாஸ்டிக்க உடைச்சிருக்கு, அழிஞ்சிரக் கூடாதுன்னுதான் இப்படி உடைப்பாங்க, முக்கியமானதான்னு கேட்ட. செலோட்டேப் ஒட்டுனா பதியும் லா, ஒட்டுன்னேன். நீ யோசிச்ச. உன் மேசையிலேர்ந்து நானே எடுத்து, பல்லால கடிச்சு ஒட்டுனேன். இந்தா, இன்னும் இருக்கு. உடைச்சது அவதான், மொளகா நறுக்குற கத்தியால.

எண்பத்தி மூணுல மவ சந்திரகலா லண்டனுக்கு நர்சு படிக்கப் போனப்ப வீட்டுல சாப்பாடு போட்டோம். எங்கண்ணன் மவன் ராதாகிருஷ்ணன் கேமரா வாடகைக்கு எடுத்தாந்து ரெண்டரை மணி நேரம் புடிச்சான். பவுனம்மா மவளுக்குத் துன்னூறு பூசுறது, புத்தி சொல்றது, சிரிக்கிறது, அழுவுறது எல்லாம். அம்மா சாவுக்கு மவளால வர முடியல. ஏர்போர்ட்டுக்கு வந்து சேரவே மூணு நாளாவும்னா, பொணத்த எப்படிப் போட்டு வைக்கிறது? எடுத்துட்டோம். இப்ப எழுதியிருக்கா, அப்பா, வந்ததும் மொதல்ல அந்தக் கேசட்டத்தான் பாக்கணும், பக்கத்துல யாரையும் கூப்புட்டு வச்சிராதீங்கன்னு.

உன் படம் ரெண்டு மணி இருவது நிமிசம். முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சாச்சு, இராஜம்மா இன்னும் சிரிச்சுக்கிட்டிருக்கு. நான் டெக்க அணைக்கல. ஒரு நிமிசம் புள்ளி புள்ளியா ஓடுச்சு. அப்புறம் எங்க வீட்டு அடுப்படி. பவுனம்மா முதுகக் காட்டிக்கிட்டுத் தட்டு கழுவுறா. திரும்பிப் பாத்து, போடா, என்னைய ஏன் புடிக்கிற, அவளப் போய்ப் புடிங்குறா. படம் பூரா சிரிச்ச இராஜம்மா அப்பத்தான் அலறுச்சு.

அடியில இருக்காதா தம்பி? செவுத்துக்கு மேல சுண்ணாம்பு அடிச்சாலும் சொரண்டுனா பழைய கலரு வருதுல்ல? பிரிக்பீல்ட்ஸ்ல டிவி ரிப்பேர் பாக்குற ஆளு யாராச்சும்? நீயே கேட்டுட்டியா? எப்ப? நேத்து நான் போன் பண்ணதுமேவா.

சரி. அப்ப இல்ல.

இந்தா, புது கேசட்டு, உறை பிரிக்கல. அழியாம மிச்சமிருக்குற அந்த ஒம்பது நிமிசத்த இதுல போட்டுக் குடு. போட்டு முடிச்சதும் பின்னால இருக்குற பிளாஸ்டிக்க நீயே உடைச்சிரு, என் கையில குடுக்காத. உக்கார வேணாம், நான் இங்கயே வாசப்படியில நிக்கிறேன். நீ பாட்டுக்கு வேலையப் பாரு, நான் பேசிக்கிட்டிருக்கேன். மவ டிக்கெட்ட காப்பி எடுத்து அனுப்பியிருக்கா. இருவத்தி ரெண்டு, ரெண்டு, எண்பத்தேழு, காலையில ஏழே முக்காலுக்கு சுபாங் ஏர்போர்ட்டுல இறங்குறா.