எஸ், எம் ஸ்டிக்கர் ஒட்டிய ஜோடி ரேம்

என் பெயர் சித்ராதேவி, வயது 27, கணவர் பெயர் முனீஸ். திருப்பூர், 15 வேலம்பாளையம், முத்துமாரியம்மன் கோவில் வீதியில் லைன் வீடு ஒன்றில் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். சொந்த ஊர் கமுதி பக்கம். நானும் என் கணவரும் ஒரே பனியன் ஏற்றுமதி கம்பெனியில் வேலை பார்க்கிறோம். நான் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடும் பிரிவில் இருக்கிறேன். அவர் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் பராமரிக்கிறார். கம்பெனியில் ரேம் திருடு போனது பற்றி முன்பு என்னை விசாரித்தபோது, யார் எடுத்தது என்று தெரியாது என்றேன். அன்றைக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும் என்பதால் யாரும் கூப்பிடாமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

எனக்கும் என் கணவருக்கும் கேம் விளையாடுவதில் பைத்தியம் உண்டு, அப்படியே எழுதிக்கொள்ளலாம். கைப்பேசியில் விளையாடிக் கண் வலித்ததால், குறைந்த செலவில் ஒரு கேமிங் கம்ப்யூட்டரை நாங்களே பொருத்திவிடுவது என்று பொருட்களை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தோம். கடைசியில் ரேம் மட்டும் பாக்கி நின்றது. ரேம் என்றால் என்ன என்று எழுதுபவர் கேட்டதால் சொல்கிறேன்: ஓடும் வேலையைக் கம்ப்யூட்டர் கையில் வைத்திருக்கும் இடம் அது, பார்ப்பதற்குச் சீப்பு அளவில் ஒரு பச்சை அட்டை. எங்களுக்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வசதியில்லை. பிராசசரே படத்தையும் கவனிக்க வேண்டும் என்பதால், ரேம் ஒற்றையாகப் போட்டால் கேம் திக்கித் திக்கி ஓடும், எட்டு ஜிபியும் எட்டு ஜிபியுமாக ஜோடி போட்டால்தான் சீராக ஓடும்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் திருமூர்த்தி என்பவரின் பழைய கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். சில மாதங்களாக ரேம் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. "இன்னைக்கு விலை இன்னைக்குத்தானுங்க, நாளைக்கு வந்து இதையே கேக்காதீங்க" என்றார். என் கணவர் இப்போதைக்கு ஒன்று வாங்கலாம் என்றார். எனக்கு முன்கோபம் அதிகம். ஒற்றை ரேமைப் போட்டு மாவாட்டவா என்று கடையிலேயே சண்டை போட்டேன். ஆபீஸில் என் சிஸ்டத்தில் இருக்கிற மாதிரி ஒரு ஜோடி இருந்தால் போதும், அதற்கு மேல் நான் ஆசைப்படவில்லை என்றேன். இதை நான் சொன்னது உண்மை.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு ஜோடி ரேம் கொண்டுவந்தார். கோயம்புத்தூர் நண்பர் தன் பழைய சிஸ்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார் என்று சொன்னார். நான் கறி எடுக்கப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டிப் பெட்டியையும் மூடிவிட்டார். கேம் வெண்ணெய் போல் ஓடியது. நான் அவர் கன்னத்தைக் கிள்ளினேன். இதை எழுத வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

மறுநாள் காலை ஆபீஸில் என் கம்ப்யூட்டர் உயிர் பெறாமல் பீப் பீப் என்று கத்தியது. என் கணவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் வந்து திறந்து பார்த்து, இரண்டு ரேமும் இல்லை, யாரோ உருவியிருக்கிறார்கள் என்றார். மேனேஜரைவிட அவருக்குத்தான் கோபம் அதிகமாக வந்தது. உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டால், அந்தக் கோபத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் வந்திருக்காது. அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்று மேனேஜர் கேட்டதற்கு, கூட்டித் துடைக்கும் மருதாளக்காவிடம் இருக்கும் என்று என் கணவர்தான் சொன்னார்.

அதன் பிறகு கம்பெனி கேட்டில் எல்லோர் முன்னாலும் மருதாளின் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். செக்யூரிட்டி தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோற்றை ஸ்கேலால் கிளறிப் பார்த்தார். அந்த அக்கா என்னைப் பார்த்து, "அந்தச் சாமான் எவ்வளவு பெருசுன்னுகூட எனக்குத் தெரியாதுங் கண்ணு, ஊட்டுல கேட்டா என்னன்னு சொல்லட்டும்?" என்றார். கம்பெனி புகார் கொடுத்ததால் அன்றிலிருந்து தினமும் அவரை விசாரணைக்கு வரச் சொல்லி இந்த நிலையத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். கம்பெனியிலும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று எனக்கு விடுமுறை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃபேன் எதிலோ உரசிக் கரகரவென்று சத்தம் வந்ததால், ஒயரை நகர்த்தலாம் என்று பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு ரேமில் எஸ் என்றும் மற்றொன்றில் எம் என்றும் பனியனில் ஒட்டும் சைஸ் ஸ்டிக்கர் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தீபாவளிக்கு முன்பு ஆபீஸ் கம்ப்யூட்டரைத் துடைத்தபோது, எது எந்தக் குழியில் இருந்தது என்று மறக்காமலிருக்க நான்தான் அவற்றை ஒட்டினேன். எம் ஸ்டிக்கரின் மூலை என் நகம் பட்டுக் கிழிந்தது, அந்தக் கிழிசலும் அப்படியே இருந்தது. திருப்பூரில் சைஸ் ஸ்டிக்கர் ஒட்டாத பொருள் கிடையாது. என் கணவரின் ஹெல்மெட்டில்கூட எக்ஸ்எல் இருக்கிறது. அதனால் அவர் கண்ணில் பட்டும் உறைத்திருக்காது. தாலி கட்டிய ஆள் இப்படிச் செய்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை.

அதன் பிறகு அவர் சாப்பாட்டுக்கு வந்தபோது இரண்டையும் கையில் வைத்துக் காட்டினேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார். "நீதானே கேட்ட, உன் சிஸ்டத்துல இருக்கிற மாதிரி வேணும்னு" என்றார். கம்பெனி உடனே புதிதாக வாங்கிப் போட்டுவிடும், பேச்சு அதோடு முடியும் என்று நினைத்தாராம். மருதாளக்கா பெயரை ஏன் சொன்னாய் என்று கேட்டேன். மேனேஜர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்துவிட்டது என்றார். இரண்டையும் நொய்யல் ஆற்றில் போட்டுவிடலாம் என்று என் கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டு, ரேமைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறி வந்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, பின்னால் வரவும் இல்லை.

இங்கே மருதாள் அதே பெஞ்சில் இருந்தார். நான் முந்தானையை அவிழ்த்து ரேமை ஐயாவின் மேசையில் வைத்தேன். மருதாளக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இத்தனூண்டுதானா கண்ணு? இதைத் தேடியா எஞ்சோத்தைக் கிளறுனாங்க?" என்றார். இது வழக்குக்குத் தேவையில்லை, விட்டுவிடலாம் என்று எழுதுபவர் சொன்னார். என் கணவர் பெயரை எழுதினால் இதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்ன பிறகு எழுதப்பட்டது.

நான் சொன்னது எதுவும் கூடாமல் குறையாமல் இதில் இருக்கிறது. படித்துக் காட்டக் கேட்டேன். அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
மு. சித்ராதேவி