சிலுவை போட்ட ரீடு

திருச்சிராப்பள்ளியில் கிளாரினெட் ஊதுகிறவர்களில் மூடநம்பிக்கை இல்லாதவன் நான் ஒருவன்தான். இது தற்பெருமை இல்லை. பாலக்கரை, பொன்மலை, ஸ்ரீரங்கம் எல்லாம் சேர்த்தாலும் ஊதுகிறவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவோம். அந்த ஆட்டோவில் விஞ்ஞானத்தின் சார்பாக உட்கார்ந்திருப்பவன் நான்.

பக்கத்து சீட் பெஞ்சமினுடையது. பாலக்கரையில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். சர்ச் பாண்டு செட்டில் அவன் முதல் கிளாரினெட், நான் இரண்டாவது. இரண்டாவது என்றால், முதல் ஆள் மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். அவன் ஊதினால் பூசைக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் ஊதினால் முன்பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

கிளாரினெட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாயில் வைக்கிற கறுப்புத் துண்டு மவுத்பீஸ். அதன் அடியில் நாணலைச் சீவிச் செய்த ஒரு மெல்லிய பட்டையை வைத்து இறுக்குவோம், அதுதான் ரீடு. இரண்டுக்கும் நுனியில் இருக்கிற இடுக்கில்தான் சத்தம் பிறக்கிறது. இடுக்கு அகலம் என்றால் ரீடு இளகலாக வேண்டும், குறுகல் என்றால் கொஞ்சம் விறைப்பாக வேண்டும். மாறிப்போனால் ஒன்று வெறும் காற்று வரும், இல்லையென்றால் கீச்சென்று கத்தும். விறைப்புக்கு நம்பர் உண்டு. பெஞ்சமின் மவுத்பீஸுக்கு இரண்டரை. இதுவரைக்கும் விஞ்ஞானம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, எல்லாமே இரண்டரை. ஆனாலும் ஒவ்வொரு ரீடும் ஒவ்வொரு குணம் என்பான் பெஞ்சமின். புதுப் பெட்டி பிரித்தால் 'பொருத்தம் பார்க்க' உட்கார்ந்துவிடுவான். அந்த வார்த்தையேதான். ஜாதகக் கட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத கத்தோலிக்கக் குடும்பம். ரீடை நாக்கில் வைத்து மனசுக்குள் ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்வான். அந்த ஜெபம் முடிகிற நேரம்தான் ரீடு ஊறுகிற நேரமாம். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நடுவில் தெரியும் நிழல் இரண்டு பக்கமும் சமமாக இறங்குகிறதா என்று பார்ப்பான். மவுத்பீஸில் வைத்து, மேலே மயிரிழை கறுப்பு தெரியும்படி நகர்த்தி இறுக்குவான். கீழே ஒரு சுரம், மேலே ஒரு சுரம். இரண்டும் கூப்பிட்டவுடனே வந்தால், "சேர்ந்துடுச்சுடா" என்பான். சேர்ந்த ரீடின் அடியில் பேனாவால் ஒரு சின்னச் சிலுவை. அதற்கப்புறம் விசேஷ நாள் வரைக்கும் அதைத் தொடவே மாட்டான்.

இதை வைத்து என் இன்ஸ்டா பக்கத்தில் ஒரு விளம்பரம் போட்டேன். 'மணமகன் தேவை. ஆர்.சி. நாணல், வயது இரண்டரை, பிரான்ஸ் பூர்வீகம், ஒல்லி. நல்ல குடும்பத்து மவுத்பீஸ்கள் தொடர்புகொள்ளவும். தோஷம் தடையில்லை.' காலேஜில் நல்ல வரவேற்பு. பெஞ்சமினும் சிரித்தான். சிரித்துவிட்டு பாண்டு பிராக்டிஸில் எல்லார் முன்னாலும் சொன்னான்:

"ரெஜி, உனக்குக் காது நல்ல காதுடா. வாய்தான் வேற வேலைக்குப் போயிடுச்சு."

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். என் விளம்பரத்துக்குச் சிரித்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக. இது சம்பந்தமில்லாத விவரம், சும்மா சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் பொன்மலையில் ரயில்வே வேலைக்கு இசைக்கலைஞர் கோட்டாவில் செலக்‌ஷன் வந்தது. கிளாரினெட்டுக்கென்று ஆள் எடுப்பது எப்போதோ ஒரு தடவை. பெஞ்சமினுக்கு அப்பா இல்லை. அவன் அம்மா லூர்துராணி ஆன்ட்டி ஒரு கான்வென்டில் சமையல். தெருக்குழாயில் குடம் தூக்கித் தூக்கி அவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி:

"ரெஜிஸு, குவார்ட்டர்ஸ்ல தண்ணி வீட்டுக்குள்ளேயே வருமாப்பா?"

"பாத்ரூமுக்குத் தனியா வரும் ஆன்ட்டி" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

செலக்‌ஷனுக்கு முதல் நாள் ஸ்ரீரங்கத்தில் எங்களுக்கு வாசிப்பு. அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு பாத்திரக்கடைத் திறப்பு. இடைவேளையில் பெஞ்சமின் எல்லாருக்கும் காபி வாங்கப் போனான். போகும்போது கிளாரினெட்டையும் ரீடு பெட்டியையும் என் மடியில் வைத்தான்.

"பார்த்துக்கடா. நாளைக்கு ஊதுறது உள்ள இருக்கு."

நான் செய்தது இவ்வளவுதான். சிலுவை போட்ட ரீடை எடுத்தேன். எச்சில் தொட்டுத் தேய்த்தால் மை போய்விடும். அதே பெட்டியில் இருந்து இன்னொரு ரீடை எடுத்து, அதில் சிலுவை போட்டு வைத்தேன். பழையதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நியாயமாகப் பாருங்கள். எல்லாமே இரண்டரை என்றால் நான் எதையும் மாற்றவில்லை. அவன் தேர்வாகிவிட்டால் பொருத்தம் என்பது பொய் என்று அவனுக்கே புரியும். ஒரு நண்பனை மூடநம்பிக்கையிலிருந்து மீட்பது எப்படிக் குற்றமாகும்?

மறுநாள் பொன்மலைக்கு என் பைக்கில்தான் கூட்டிப்போனேன். கூப்பிட்டதும் என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனான். நான் வராந்தாவில் நின்றேன். கீழ்ச் சுரங்கள் ஒழுங்காக வந்தன. மேலே ஏறும் இடத்தில் கீச்சென்றது. உள்ளே யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். "டென்ஷன் ஆகாதீங்க தம்பி, மறுபடி வாசிங்க" என்று ஒரு குரல். மறுபடியும் அதே இடம், அதே கீச்சு. மூன்றாம் தடவை காற்று மட்டும் வந்தது.

பெட்டி அவன் கையில்தான் இருந்தது. வேறு ரீடு மாற்றியிருக்கலாம். வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் மாற்றவில்லை என்று.

"சிலுவை போட்டதுடா. அது தப்பு பண்ணாது. என் வாய்தான் போச்சு."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பைக் ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும், அது ஒரு வசதி. வீட்டு வாசலில் லூர்துராணி ஆன்ட்டி எங்கள் முகத்தைப் பார்த்தார். குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய்விட்டார்.

இப்போது பெஞ்சமின் மன்னார்புரத்தில் ஒரு கூரியர் ஆபீஸில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறான். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் கட்டிலை எதிர்ச் சுவரோரம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். மின்விசிறிக் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஒரு விஷயத்தை வேகமாகத் தாண்டி வந்துவிட்டேன். 'இன்னொரு ரீடை எடுத்தேன்' என்றேன். எப்படி எடுத்தேன் என்று சொல்லவில்லை.

பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து, பெட்டியில் மிச்சமிருந்த ஒவ்வொரு ரீடையும் நாக்கில் வைத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நிழல் எது அதிகம் கோணலாக இறங்குகிறது என்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் அவன் மவுத்பீஸில் இறுக்கி, கீழே ஒன்று, மேலே ஒன்று ஊதினேன். சிலது நன்றாகவே வந்தன. அவற்றைத் திரும்ப வைத்துவிட்டேன். கீழே யோக்கியமாக வந்து மேலே மட்டும் காலை வாருகிற ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். எனக்குக் காது நல்ல காது. கிடைத்தது. பாண்டுக்காரன் ஊதிப் பார்ப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. ட்ரம் அடிக்கிற குத்புதீன் பாய் மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தம்பி, நீங்களும் பொருத்தம் பார்க்க ஆரம்பிச்சிட்டீங்களா? சேர்ந்துச்சா?"

"சேர்ந்துடுச்சு பாய்" என்றேன்.

அவன் தேர்வாகிவிடக் கூடாது என்றுதான் செய்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

சர்ச் திருவிழா நெருங்குகிறது. முதல் கிளாரினெட் இப்போது நான். போன வாரம் பெஞ்சமின் வந்து தன் மவுத்பீஸை என் கையில் வைத்தான். "சும்மா கிடக்குது, நீ ஊது" என்றான். அவன் போனதும் அன்று சட்டைப்பையில் போட்ட ரீடை எடுத்து அதில் இறுக்கினேன். இவ்வளவு காலமும் என் கிளாரினெட்டிலிருந்து வராத ஒரு சத்தம் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, உண்மையான சந்தோஷத்தோடு, ஒரு குரல் கேட்டது:

"சேர்ந்துடுச்சுடா ரெஜி!"

நடந்ததை அவனிடம் சொல்லிவிடத்தான் போகிறேன். திருவிழா முடியட்டும்.

அந்த ரீடின் அடியில் திரும்பவும் ஒரு சிலுவை போட்டிருக்கிறேன், அடையாளத்துக்கு. ஊதுவதற்கு முன்னால் நாக்கில் வைத்து, மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொள்கிறேன், நேரக் கணக்குக்காக. அந்த ஜெபத்தில் 'பாவிகளாகிய எங்களுக்காக' என்கிற இடம் வருவதற்குள் எடுத்துவிடுகிறேன். அதற்குமேல் ஊறினால் சத்தம் கெட்டுவிடும்.