வாடையில்லாத வீடு

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாடை ஆகாது, மேடம். பஸ்ஸில் யாராவது மீன்கூடையோடு ஏறினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று நினைத்துவிடக் கூடாதே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

என் மனைவி ஜானகிக்குப் பக்கவாதம் வந்தபோது எல்லாம் நான்தான் செய்தேன். ஊட்டினேன், துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன். அவள் வாயோரம் வழிந்த கஞ்சி என் கையில் பட்டால், தோல் எரியும்வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பேன். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்களுடையது சின்ன ஃபிளாட். மூத்திர நெடி சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. சோற்றில் கை வைத்தால் அங்கேயும் அதே நெடி.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் மகள் ஷண்முகப்ரியா, எனக்கு மனது கொஞ்சம் மாறட்டும் என்று ஒரு வி.ஆர். ஹெட்செட் அனுப்பினாள். கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறு உலகம். அதில் ஒரு விளையாட்டு, வீடு கட்டிக் குடித்தனம் நடத்துவது. நான் இதே ஃபிளாட்டைக் கட்டினேன். பழைய படங்களைக் கொடுத்தால் ஆளையும் செய்து தருகிறது. ஜானகி எழுந்து நடந்தாள். தலை பின்னி, மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு பால்கனியில் நின்றாள். அவளுக்குப் பசித்தால் தலைக்கு மேலே சின்னக் கிண்ணம் ஒன்று மின்னும். உடனே சாப்பாடு எடுத்து வைப்பேன். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

என்னால் முடியாமல் போன பிறகு, பட்டினப்பாக்கத்திலிருந்து தேசம்மா தினமும் வந்து ஜானகியைக் கழுவிவிட்டுப் போவாள். ஒருநாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள்.

"சார், அம்மா முதுகுல புண்ணு குழி உழுந்து கீது. உள்ள புழு நெளியுது. இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ சார்."

எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. சோற்றுப் பருக்கைகள் உயிர் பெற்று நெளிவது போலிருந்தது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஜானகியின் பின்னால் போய்ப் பார்த்தேன். முதுகு வழவழவென்றுதான் இருந்தது. தேசம்மா வேறு யாரைப் பற்றியோ சொல்கிறாள் என்று பட்டது. மகள் வந்து அழைத்துப் போகிறாள், இனி வர வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டேன்.

அந்த அறையை வெளியே தாழிட்டது நான்தான். கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைத்தேன்.

உள்ளேயிருந்து "ஏன்னா... தண்ணி" என்று ஒரு குரல் குழறிக்கொண்டே இருந்தது. ஜானகி அப்படிக் குழற மாட்டாள். அவள் பேச்சு கணீரென்று இருக்கும். நான் ஹெட்செட்டில் சத்தத்தைக் கூட்டிவைத்தேன். பிறகு அந்தக் குரல் நின்றது. வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மனது கேட்காமல் தேசம்மா இன்று மதியம் திரும்பி வந்ததும், அக்கம்பக்கத்தாரைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் உங்களுக்குத் தெரியும்.

"த்தூ. நீயெல்லாம் ஒரு மனுசனா" என்று என் சட்டையில் துப்பினாள். உங்கள் ஆட்கள் வருவதற்குள் அதைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன்.

தண்ணீர் கொடுத்திருந்தால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாள். தெரிந்துதான் செய்யவில்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மனைவியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது எப்போது என்று கேட்டீர்கள். இன்று காலையில்தான், மேடம். காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.