தென்றலுக்குக் கொடுத்த சத்து மாத்திரைகள்

எங்கள் வீட்டில் காலையில் பால் காய்ச்சுவது நான்தான், மேடம். கல்யாணமான புதிதில் தென்றல் ஆற்றிக் கொடுத்த டம்ளரின் விளிம்பில் பாலாடை ஒட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கே அந்த ஒரு வேலையை என் கையில் எடுத்துக்கொண்டேன்.

அரியலூரில் எனக்கு டைல்ஸ் கடை. எதையும் துடைத்து வைத்துப் பார்த்தே பழகியவன். என் மனைவி தென்றல் உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காட்டுக்காரர் வீட்டுப் பெண். ஆரம்பத்தில் அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மெதுவாக நடப்பாள். மத்தியானமெல்லாம் தூங்குவாள். சித்திரை வெயிலிலும் அவள் கழுத்தில் ஒரு பொட்டு வேர்வை இருக்காது. மற்றவர்களிடம் அடிக்கிற மனுஷ வாடை அவளிடம் இல்லை. அதை அவளுடைய குணம் என்று நினைத்திருந்தேன்.

குழந்தை தங்கவில்லை என்று பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் போனபோதுதான் அது தைராய்டு குறைவு என்று தெரிந்தது. தினமும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"தண்ணியில மட்டும் போடுங்க. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை எதாச்சும் எடுத்தா நாலு மணி நேரம் தள்ளி எடுக்கணும். பாலும் கூடாது. ஒண்ணா உள்ள போச்சுன்னா இந்த மாத்திரை உடம்புல ஏறாது" என்றார்.

தென்றல் நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டது நான் மட்டும்தான்.

மாத்திரை வேலை செய்தது. எனக்கு அதுதான் சங்கடமாகப் போயிற்று. அவளுக்குப் பசி வந்தது. மெல்லுகிற சத்தம் ஹாலில் இருந்த எனக்குக் கேட்டது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்தாள். ஸ்கூட்டி ஓட்டப் பழகி, டவுனில் தையல் வகுப்புக்குப் போனாள். அக்குளில் ரவிக்கை நனைந்து, அப்படியே வந்து என் பக்கத்தில் உட்காருவாள்.

"ஏங்க, நானும் கடைக்கு வர்றேனே. வர்றவங்ககிட்ட நான் நல்லாப் பேசுவேன்" என்றாள் ஒரு நாள். அவள் உதட்டோரத்தில் எச்சில் நுரைத்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போய் இரும்புச்சத்து, கால்சியம், எல்லா விட்டமினும் சேர்ந்த மாத்திரை ஒன்று என வாங்கி வந்தேன். தைராய்டு மாத்திரையை நான் ஒரு நாளும் நிறுத்தவில்லை. அதோடு இவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, வெதுவெதுப்பான பாலுடன் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் ஒண்ணாப் போடலாமாங்க?"

"டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன்" என்றேன். விழுங்கினாள். இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தெருப் பெண்கள் அவளிடம் சொல்வார்களாம்.

அவள் மெதுவானாள். ஆனால் நான் எதிர்பார்த்தபடி இல்லை. முகம் ஊதியது. குளியலறைச் சல்லடையில் முடி பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொண்டது. மெத்தை விரிப்பில் தோல் மாவு மாவாக உதிர்ந்து கிடந்தது. நாக்கு தடித்து, குரல் ஆண் குரல்போல இறங்கிவிட்டது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். நானும் சத்து மாத்திரைகளைக் கூட்டினேன். கையுறை போட்டுக்கொண்டுதான் விரிப்பை மாற்றுவேன். நீங்கள் முகம் சுளிக்கிறீர்கள். அந்த அசிங்கத்தோடு தினமும் ஒரே வீட்டில் இருந்தவன் நான்.

இடையில் அவள் தங்கை சிந்து வந்து, வேப்பந்தட்டையில் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். சத்து மாத்திரைகளை நான் கொடுத்தனுப்பவில்லை. சிந்து தைராய்டு மாத்திரையை மட்டும் தண்ணீரில் கொடுத்திருக்கிறாள். சில மாதம் கழித்துத் தென்றல் தனியாகப் பஸ் ஏறி வந்தாள்.

"பாருங்க, எப்புடி இருக்கேன்னு" என்று வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் கழுத்து ஈரம் என் சட்டையில் ஒட்டியது. அந்தச் சட்டையைக் கொல்லையில் வைத்துக் கொளுத்தினேன். மறுநாள் காலையில் பால் காய்ச்சினேன்.

சிந்து ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னதெல்லாம் சரிதான். தன் வீட்டில் தேறியவள் இங்கே வந்து ஏன் மறுபடி விழுந்தாள் என்று யோசித்திருக்கிறாள். கெட்டிக்காரி.

மார்கழியில் தென்றலால் எழுந்திருக்க முடியவில்லை. கையைத் தொட்டால் ஈரத் துணிபோல் சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். படுக்கை நனைந்திருந்தது. போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் அந்த நாற்றத்துக்குள் நாலு பேரை எப்படி வரச்சொல்வது? கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குப் போனேன். சாயங்காலம் திரும்பியபோது முடிந்திருந்தது. எதை எதோடு கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே கொடுத்தேன். அன்று கதவைச் சாத்தினால் செத்துப்போவாள் என்று தெரிந்தே சாத்தினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சாத்துவதற்கு முன்னால் அவள் ஏதோ முனகினாள். மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து கேட்டேன்.

"என்னால... உங்களுக்கு எவ்ளோ கஷ்டம். மன்னிச்சுக்கங்க."

மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். வாய் வார்த்தைக்காகச் சொல்லவில்லை, மேடம். உண்மையிலேயே அவளை மன்னித்துவிட்டேன்.